ஆசிட் போட்ட கிராஃபைட் பொடியில் செய்த பட்டைகள் சுட்டதும் வீங்கி வெடிக்கின்றன. பிணைப்பு கூடினால் வலிமையும் கூட வேண்டாமா?

கிராஃபைட் குமரன் | திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

செய்தது இதுதான். பழைய கிராஃபைட் மின்முனையைக் கடைந்தபோது விழுந்த தூளை வாங்கி, சலித்து, 75 மைக்ரானுக்குக் கீழே இருப்பதை ஃபில்லராக, அதாவது பட்டையின் உடம்பாக நிற்கும் துகளாக, எடுத்துக்கொண்டேன். அதை ஒட்டிப் பிடிக்கும் பைண்டர் கோல்தார் பிட்ச் (நிலக்கரித் தாரிலிருந்து வரும் கீல்), 30 சதவீதம். சூடாகக் கலந்து, அச்சில் அழுத்தி, 10 மில்லிமீட்டர் சதுரத்தில் சின்னச் சின்னப் பட்டைகள். கரித்தூள் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து, நைட்ரஜனில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 1,000 டிகிரி வரை சுட்டேன்.

பாதிப் பட்டைகளுக்குச் சாதாரணப் பொடி. மீதிப் பாதிக்கு ஆசிட் போட்ட பொடி: கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று, 60 டிகிரி, நான்கு மணி நேரம். பிஎச் காகிதம் நிறம் மாறாத வரை கழுவி, 110 டிகிரியில் காய வைத்தேன். மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் ஏறினால் பிட்ச் நன்றாக ஒட்டும், வலிமை கூடும் என்றுதான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன.

சுடுவதற்கு முன்பு அப்படித்தான் இருந்தது. ஆசிட் பட்டை கையால் உடைக்க முடியாத அளவுக்குக் கெட்டி. சுட்டு எடுத்தால் வீங்கி, பக்கவாட்டில் வெடிப்பு. வளைத்துப் பார்த்த சோதனையில் சாதாரணப் பட்டையை விட மூன்றில் ஒரு பங்கு வலிமை குறைவு. வழிகாட்டியிடம் காட்டினேன். "பிணைப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது, சுருங்கும்போது வெடிக்கிறது" என்கிறார். அப்படியும் நடக்குமா?

பாலிமர் பாண்டி | திங்கள், இரவு 10.40

ஆசிட் எதற்கு? சிலேன் போடுங்கள், துகளையும் பிசினையும் இணைத்து வைக்கும் சிலிக்கான் சேர்மம். நாங்கள் கண்ணாடி இழைக்கும் சிலிகாவுக்கும் அதைத்தான் போடுகிறோம். ஒரு சதவீதம் போதும், கல் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

ரப்பர் ராசு | திங்கள், இரவு 11.05

பாண்டி சார், கண்ணாடியிலும் சிலிகாவிலும் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில். சிலேன் அதைத்தான் கைப்பிடித்து நிற்கும். கிராஃபைட்டில் பிடிக்க என்ன இருக்கிறது? அப்படியே பிடித்தாலும் இவர் 1,000 டிகிரிக்குப் போகிறார். அங்கே சிலேனின் கரிமப் பகுதி இருந்த இடம் தெரியாது.

நான் டயர் கலவைக்காரன். 1992-இல் மிஷெலின் சிலிகா டயரைக் கொண்டுவந்தபோது எங்கள் தொழிலில் சிலேன் பெரிய பேச்சானது, ஏனென்றால் சிலிகாவும் ரப்பரும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. டயரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக் என்ற கரிப்பொடிக்கு அந்தத் தரகர் வேலை தேவையே இல்லை. அது பிறக்கும்போதே மேற்பரப்பில் ஒழுங்கில்லாத ஓரங்களோடுதான் பிறக்கிறது, ரப்பர் போய் அதில் பிடித்துக்கொள்கிறது. அதே கார்பன் பிளாக்கை 2,700 டிகிரிக்குச் சூடாக்கி கிராஃபைட் ஆக்கிவிட்டு ரப்பரில் கலந்து பாருங்கள். துகள் அளவு அதே, பரப்பளவும் ஏறக்குறைய அதே. ஆனால் கரைப்பானில் ஊறவைத்தால் முன்பு துகளோடு ஒட்டி நின்ற ரப்பர் இப்போது பெரும்பாலும் கரைந்து போய்விடும். இழுத்தால் விறைப்பும் விழுந்துவிடும், தேய்மானமும் கூடும். மேற்பரப்பு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டும் சோதனை இதுதான்.

குமரன் எடுத்திருப்பது ஏற்கெனவே கிராஃபைட் ஆன பொடி. அதாவது வழவழப்பான பக்கம் அதிகம், ஓரம் குறைவு. ஆசிட் போட நினைத்ததில் தப்பில்லை. ஏன் வீங்கியது என்று எனக்குத் தெரியவில்லை, உலைக்காரர் வரட்டும்.

உலைக்காரர் | செவ்வாய், காலை 6.20

வந்துவிட்டேன். மின்முனை ஆலையில் கலவைப் பிரிவிலும் சூளையிலும் மொத்தம் 31 வருடம். கட்டுரை எழுதத் தெரியாது, வெடித்த கட்டியைப் பார்த்தால் எங்கே பிசகியது என்று ஓரளவு சொல்லுவேன்.

தம்பி, முதலில் உன் 30 சதவீதத்தைப் பேசுவோம். கொத்தனார் செங்கலைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வைப்பார், கவனித்திருக்கிறாயா? காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சாந்து பொரபொரவென்று நிற்கும். ஆசிட் போட்ட பொடி அந்தக் காய்ந்த செங்கல். மேற்பரப்பு சொரசொரப்பாகி, நுண்துளையும் கூடி, முன்னை விட அதிகப் பிட்ச் குடிக்கும். சாதாரணப் பொடிக்கும் ஆசிட் பொடிக்கும் ஒரே 30 போட்டு ஒப்பிட்டால், நீ ஒப்பிடுவது பிணைப்பை அல்ல, பசி தீர்ந்த கலவையையும் பட்டினிக் கலவையையும். அதிலும் 75 மைக்ரான் நைஸ் பொடிக்கு 30 என்பது எனக்கு முன்னாலேயே கம்மியாகத்தான் படுகிறது. ஆலையில் புது கோக் (மின்முனைக்கு ஃபில்லராகும் கரி) வந்தால் முதல் வேலை பிட்ச் அளவை ஏற்றி இறக்கி ஐந்தாறு கட்டி போட்டு, சுட்ட பிறகு அடர்த்தி எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்ப்பதுதான். அந்த உச்சத்தை இதற்குத் தனியாக, அதற்குத் தனியாகப் பிடித்துவிட்டுத்தான் வலிமையைப் பேச வேண்டும்.

ஆனால் பட்டினிக் கலவை வீங்காது. உடையும், உதிரும், வீங்காது. ஆகவே வேறு ஏதோ இருக்கிறது. எனக்கு மூன்று விஷயம் சொல். வெடிப்பு அழுத்திய திசைக்குக் குறுக்கேயா, நெடுக்கேயா? பட்டையின் நீளம் எவ்வளவு கூடியது, உயரம் எவ்வளவு கூடியது? எந்தச் சூட்டில் வீங்க ஆரம்பித்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் ஒரு பட்டையை 250-இல் நிறுத்தி எடுத்துப் பார்.

கிராஃபைட் குமரன் | புதன், மாலை 7.48

ஐயா, பார்த்துவிட்டேன். வெடிப்பு எல்லாம் அழுத்திய திசைக்குக் குறுக்கே, புத்தகத்தின் பக்கங்கள் பிரிந்தது போல அடுக்கடுக்காக. நீளம் கூடியதாகவே தெரியவில்லை, வெர்னியரில் ஒரு கோடு கூட நகரவில்லை. உயரம் மட்டும் 10 மில்லிமீட்டரிலிருந்து 12-ஐத் தாண்டிவிட்டது. 250 டிகிரியில் நிறுத்தி எடுத்த பட்டையிலேயே லேசான மேடு தெரிந்தது. சாதாரணப் பொடிப் பட்டையில் அந்தச் சூட்டில் ஒன்றும் இல்லை.

மீனா லேப் | புதன், இரவு 8.30

குமரன், உயரத்தில் மட்டும் வளர்ந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். உங்கள் வழிகாட்டி சொன்ன சுருக்க வெடிப்பு இது இல்லை. நீங்கள் தெரியாமல் காஸ்கட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்க வைக்கும் தாள்) செய்யும் பொருளைச் செய்துவிட்டீர்கள்.

கிராஃபைட் அடுக்குகளாக இருப்பது தெரியும். அடர் கந்தக அமிலத்தோடு நைட்ரிக் மாதிரி ஓர் ஆக்சிஜனேற்றி சேர்ந்தால், அமிலம் மேற்பரப்பில் மட்டும் நிற்பதில்லை, அடுக்குகளுக்கு இடையே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரில் கழுவினால் வெளியே உள்ளது போகும். உள்ளே சிக்கியதில் ஒரு பகுதி போகாது. பிஎச் காகிதம் கழுவிய தண்ணீரைத்தான் பார்க்கிறது, பொடியின் வயிற்றுக்குள் பார்ப்பதில்லை. பிறகு சூடேற்றினால் உள்ளே இருப்பது வாயுவாகி அடுக்குகளைத் தள்ளித் திறக்கிறது. பெரிய இயற்கைக் கிராஃபைட் செதில் என்றால் நூறு மடங்குக்கு மேலேயும் உப்பி, புழு மாதிரி நெளிந்து நிற்கும். அந்தப் புழுக்களைப் பசை எதுவும் இல்லாமல் உருளையில் அழுத்தித்தான் கிராஃபைட் காஸ்கட் தாள் செய்கிறார்கள்.

உங்கள் பொடி நைஸ், அதுவும் செயற்கைக் கிராஃபைட், ஆகவே அவ்வளவு பொங்காது. ஆனால் அச்சில் அழுத்தும்போது தட்டையான துகள்கள் படுத்துக்கொள்கின்றன. எல்லாம் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சம் விரிந்தால் போதும், உயரம் மட்டும் கூடும், அடுக்கடுக்காகப் பிரியும். அந்த நேரத்தில் பிட்ச் வேறு இளகி இருக்கிறது, தடுத்துப் பிடிக்க யாரும் இல்லை.

சோதிப்பது சுலபம். பிட்ச் கலக்காத ஆசிட் பொடியைப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு விரல் உயரம் போட்டு, 800 டிகிரியில் இருக்கும் உலைக்குள் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் ஆசிட் போடாத பொடி. புகை வரும், ஹூடுக்குள் செய்யுங்கள்.

கிராஃபைட் குமரன் | வியாழன், பகல் 1.15

மீனா மேடம், செய்துவிட்டேன். ஆசிட் போடாத பொடி இருந்த கோட்டிலேயே இருந்தது. மற்றது ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிக் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது. ஊதினால் பறக்கிற மாதிரி லேசாக இருக்கிறது. திறந்த உடனே தொண்டையைக் கரிக்கும் கந்தக நெடி. மூன்று மாதம் போச்சு.

ரப்பர் ராசு | வியாழன், பகல் 1.32

மூன்று மாதம் போகவில்லை தம்பி, தீசிஸில் ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கிறது.

நூல்கண்டு | வியாழன், இரவு 9.10

மீனா சொன்னது சரிதான். ஆனால் குமரனின் வழிகாட்டியை அப்படித் தூக்கி ஓரமாகப் போட வேண்டாம். அவர் சொன்னது இந்தப் பட்டைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நான் கார்பன் இழை பக்கம். அங்கே அவர் சொன்னது அப்படியே நடக்கிறது.

கார்பன் இழையை ஆலையிலேயே மின்பகுப்புக் குளியலில் ஓட்டி மேற்பரப்பைத் தயார் செய்கிறார்கள், பெரும்பாலும் அம்மோனியம் பைகார்பனேட் கரைசல். எபாக்சியில் போட்டால் அந்த வேலை செய்யாத இழைக்கும் செய்த இழைக்கும் அடுக்கிடை வலிமையில் நல்ல வித்தியாசம். ஏன் என்பதற்கு 1983-இல் டிர்சல் குழுவினர் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார்கள்: ஆக்சிஜன் தொகுதி ஏறியது ஒரு பாதிக் கதை, இழையின் மேலே பலவீனமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தோல் கழன்றது மறுபாதிக் கதை. சுவரைக் கொத்திவிட்டுப் பூசும்போது சொரசொரப்பு மட்டுமா வருகிறது, உதிரும் பழைய சுண்ணாம்பும் போகிறதல்லவா, அது மாதிரி.

இப்போது அதே இழையை எபாக்சிக்குப் பதிலாக ஃபீனாலிக் ரெசினில் போட்டுக் கரியாக்குங்கள், அதாவது கார்பன் இழையைக் கார்பனே பிடித்து நிற்கும் கார்பன்-கார்பன் செய்யுங்கள். தலைகீழ். நன்றாக ஒட்டிய இழைதான் மோசமான பொருளைத் தருகிறது. ரெசின் கரியாகும்போது எடையில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது, பயங்கரமாகச் சுருங்குகிறது. இழை சுருங்காது. ஒட்டு இறுக்கமாக இருந்தால் சுருங்குகிற ரெசின் இழையையும் சேர்த்து இழுத்துக் காயப்படுத்துகிறது. வெந்து முடிந்த பொருளை வளைத்தால் விரிசல் இழையைக் கவனிக்காமல் நேராக வெட்டிக்கொண்டு போய்விடும், கண்ணாடி மாதிரி. ஒட்டு தளர்வாக இருந்தால் ரெசின் இழையிலிருந்து கொஞ்சம் விலகிக்கொள்ளும், பிறகு விரிசல் வந்தால் இழையோரமாகத் திரும்பும், இழைகள் உருவிக்கொண்டு வரும், பொருள் சட்டென்று உடையாது. மேலும் 2,000 டிகிரிக்கு மேலே ஏற்றினால் அந்த இறுக்கமான ஒட்டு கொஞ்சம் தளர்ந்து வலிமை தேறுவதும் உண்டு. ஆகவே பிணைப்பு கூடினால் வலிமை குறையலாம் என்பது அவர் தொழில் அனுபவமாகவே இருக்கும்.

(2024 ஏப்ரலில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்குக் கார்பன்-கார்பன் நாசில் (வாயு வெளியேறும் கூம்பு) செய்ததாக இஸ்ரோ அறிவித்தது நினைவிருக்கிறதா? நாசில் எடையில் ஏறக்குறைய 67 சதவீதம் குறையும் என்றார்கள். அந்த மாதிரிப் பொருளுக்குப் பின்னால் இந்த இழுபறி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.)

உலைக்காரர் | வெள்ளி, காலை 5.55

நூல்கண்டு சார் எழுதியது இழைக்குச் சரி. குருணைக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். இழைக்கு நீளம் உண்டு, விரிசலின் மேலே பாலம் போட்டு நிற்கும், ஒட்டு தளர்ந்தாலும் பிடித்துக்கொள்ளும். 75 மைக்ரான் பொடிக்கு என்ன பாலம்? ஒட்டு விட்டால் உதிரும், அவ்வளவுதான். எங்கள் கட்டியில் வலிமை என்பதே பைண்டர் கரி குருணையை எவ்வளவு இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். பிட்சின் அடர்த்தி 1.3. நூறு கிராம் பிட்ச் கரியானால் 55 கிராம் மிஞ்சும் என்று வையுங்கள். அந்தக் கரியின் அடர்த்தி கிட்டத்தட்ட 2. அப்படியானால் பிட்ச் அடைத்திருந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம்தான் கரி நிரப்புகிறது, மீதி வெற்றிடம். சுட்ட எந்தக் கட்டியும் உள்ளே ஓட்டைதான். அந்த வெற்றிடம் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குருணையின் தோலை ஒட்டியே உட்கார்ந்தால் குருணை தனித்தனியாகக் கழன்று நிற்கும். பைண்டருக்கு நடுவே குட்டிக் குட்டியாக உட்கார்ந்தால் கட்டி பிழைக்கும். பிட்ச் குருணையை நன்றாக நனைத்திருந்தால் இரண்டாவது நடக்க வாய்ப்பு அதிகம். குளத்து வண்டல் காயும்போது உள்ளே கிடக்கும் கூழாங்கல்லைச் சுற்றி வட்டமாக ஒரு இடைவெளி விழும், பார்த்திருப்பீர்கள். நாங்கள் தடுக்கப் பார்ப்பது அதைத்தான்.

அதற்காக மின்முனைக்கு வலிமை மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். நல்ல மின்முனையின் வளைவு வலிமை 10 முதல் 14 மெகாபாஸ்கல் வரை இருக்கும், நைஸ் பொடியை எல்லாப் பக்கமும் அழுத்திச் செய்யும் கிராஃபைட்டில் அது 40-க்கு மேலே சர்வ சாதாரணம். ஆனாலும் உருக்கு உலைக்குள் மின்முனைதான் போகிறது, ஏனென்றால் அங்கே சட்டென்று சூடு ஏறி இறங்குவதைத் தாங்க வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் நுண் விரிசல்களே உதவி. எதற்குச் செய்கிறோம் என்று தெரியாமல் வலிமையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது.

மீனா லேப் | வெள்ளி, காலை 10.20

உலைக்காரர் ஐயா 'நனைப்பது' என்று சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன், குமரனுக்கு அங்கேதான் அடுத்த வேலை.

நீங்கள் ஏற்றும் ஆக்சிஜன் தொகுதிகள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன என்று யோசித்தீர்களா? அவற்றில் கார்பாக்சில் என்ற வகை 200 டிகிரியிலிருந்தே கார்பன் டை ஆக்சைடாகப் போக ஆரம்பித்து 400-ஐத் தாண்டினால் பெரும்பாலும் இருக்காது. லாக்டோன் வகையறா அதற்கு அடுத்து, ஃபீனால் 600, 700 வாக்கில். கார்போனில், குவினோன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், 1,000-க்குள் அவையும் காலி. எபாக்சி 180 டிகிரிக்குள் இறுகிவிடுகிறது, ஆகவே அங்கே தொகுதிகள் கடைசி வரை கூடவே இருக்கும். உங்கள் பட்டையில் அவை கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பும் விருந்தாளிகள். 1,000 டிகிரிப் பட்டையில் ஆக்சிஜன் தொகுதியால் பிணைப்பு என்று எழுதினால் தேர்வாளர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. இரண்டு இடத்தில். ஒன்று, 150, 160 டிகிரியில் கலக்கும்போது பிட்ச் பரவி நனைப்பது. இன்னொன்று, 350 முதல் 500 வரை பிட்ச் திரவத்திலிருந்து திடமாகும் நேரத்தில், மேற்பரப்பில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அருகில் உள்ள பிட்ச் மூலக்கூறுகளைக் குறுக்கே பின்னிவிடும். அந்த இடத்தில் கரி நீளநீளமாக ஓடாமல் பொடிப்பொடி மொசைக்காக உறையும். மொசைக் கரி வலிமையானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும், மின்தடையும் அதிகம். பளபளப்பாகத் தேய்த்து முனைவுற்ற ஒளி நுண்நோக்கியில் பார்த்தால் குருணையைச் சுற்றி அந்த ஓரம் தெரியும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்நோக்கி) படம் மட்டும் வைத்து 'நல்ல பிணைப்பு' என்று எழுதாதீர்கள், அதில் எதையும் நிரூபிக்கலாம்.

இன்னொன்று. மீசோஃபேஸ் (பிட்ச் சூட்டில் திடமாகும் முன் வரும் இடைநிலை) பொடியில் பைண்டரே இல்லாமல் கட்டி செய்பவர்கள் இதே ஆக்சிஜனோடு கயிறு இழுக்கிறார்கள். பொடியைக் காற்றில் லேசாகச் சுட்டு ஆக்சிஜன் ஏற்றாவிட்டால் சூளையில் பொங்கும். கொஞ்சம் அதிகம் ஏற்றினால் துகளின் தோல் இளகாமல் போய் ஒன்றோடொன்று ஒட்டாது.

செய்முறைக்கு: கந்தக அமிலத்தை விடுங்கள். நீர்த்த நைட்ரிக் போதும், அல்லது ஆசிட்டே வேண்டாம், காற்றில் 500 டிகிரி வாக்கில் சிறிது நேரம். எடை இழப்பை ஒன்றிரண்டு சதவீதத்தில் நிறுத்துங்கள். கிராஃபைட் கட்டி சீராக ஆக்சிஜனேறி 10 சதவீதம் எடை இழந்தால் வலிமை பாதியாகிவிடும் என்பது அணு உலைக் கிராஃபைட்காரர்களுக்குப் பாலபாடம். பொடியையும் அப்படி அரித்துவிட்டால் பிணைப்புப் பிடிக்கும், குருணை உள்ளேயே உடையும். போம் டைட்ரேஷன் செய்து எவ்வளவு கார்பாக்சில், எவ்வளவு ஃபீனால் என்று எழுதி வையுங்கள். மூன்று காரக் கரைசலும் ஒரு ப்யூரெட்டும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பாலிமர் பாண்டி | வெள்ளி, காலை 11.02

சிலேன் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: கடையில் வாங்கும் இழையில் ஏற்கெனவே ஏதோ பூச்சு இருக்குமே, கார்பன்-கார்பன் செய்தால் அது என்ன ஆகும்?

நூல்கண்டு | வெள்ளி, பகல் 12.15

சைசிங். எடையில் ஒரு சதவீதம் வாக்கில் இருக்கும், பெரும்பாலும் எபாக்சிக்காகவே செய்தது. அசிட்டோனில் ஊறவைத்தோ, நைட்ரஜனில் 400 டிகிரி வரை சூடாக்கியோ எடுத்துவிட்டுப் பயன்படுத்துவோம். எடுக்காமல் விட்டால் அதுவும் நடுவில் ஆவியாகி ஓர் இடைவெளி விடும். சிலருக்கு அந்த இடைவெளியே வேண்டியிருக்கும், அது தனிக் கதை.

கிராஃபைட் குமரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.30

மன்னிக்கவும், உலையின் தெர்மோகப்பிள் போய்விட்டது, அதனால் தாமதம்.

காற்றில் 500 டிகிரி, எடை இழப்பு ஒன்றரை சதவீதம். முதலில் கிண்ணச் சோதனை: பொடி ஓர் இம்மி ஏறவில்லை. பிறகு 30, 33, 36, 39 சதவீதப் பிட்ச், இரண்டு பொடிக்கும் தனித்தனியாக. உலைக்காரர் ஐயா சொன்னது அப்படியே வந்தது. 30-இல் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, சொல்லப் போனால் காற்றில் சுட்ட பொடிதான் ஒரு மாற்றுக் குறைவு. சாதாரணப் பொடிக்கு அடர்த்தியின் உச்சம் 33-இல், சுட்ட பொடிக்கு 36-இல். உச்சத்தையும் உச்சத்தையும் வைத்துப் பார்த்தால் சுட்ட பொடிக்கு வலிமை கூடுதல்தான், ஆனால் கட்டுரைகளில் போடுகிற அளவுக்கு இல்லை. 39-இல் இரண்டுமே உப்பிவிட்டன.

வழிகாட்டியிடம் 12 மில்லிமீட்டர் பட்டையையும் உப்பிய கிண்ணத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்து வை" என்றார்.

இப்போது ஒரு சந்தேகம். கூடியது மேற்பரப்பாலா, அல்லது பிட்ச் அதிகம் போனதால் அடர்த்தி கூடி அதனாலா?

உலைக்காரர் | திங்கள், காலை 6.05

இப்போதுதான் சரியான கேள்வி கேட்கிறாய். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக வருகிற பட்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வலிமையை எதிரெதிரே வை. அதிலும் வித்தியாசம் நின்றால் மேற்பரப்பு, நிற்காவிட்டால் பிட்ச். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதே, மீனா சொன்ன மாதிரி தேய்த்துப் பார்க்க வேண்டும்.

கிராஃபைட் தூளோடு நிறுத்தாதே, கால்சின் செய்த (அதிகச் சூட்டில் சுட்டெடுத்த) நீடில் கோக்கிலும் ஒருமுறை செய்து பார், மின்முனைக்குப் போடும் கோக் அது. அது இன்னும் கிராஃபைட் ஆகாதது, தோல் வேறு மாதிரி இருக்கும். என்னிடம் ஒரு கிலோ கிடக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் போடு, கொரியரில் விடுகிறேன். 39 சதவீதப் பிட்ச் கலக்கினாயே, கையுறை போட்டாயா? முகத்தில் பட்ட பிட்ச்சோடு வெயிலில் நடந்தால் அன்று ராத்திரி எரிச்சலில் தூக்கம் வராது. நாங்கள் க்ரீமை வெள்ளையாக அப்பிக்கொண்டுதான் கலவைப் பிரிவுக்குள் போவோம், அப்படியும் எரியும்.

கிராஃபைட் குமரன் | திங்கள், காலை 8.40

கையுறை போட்டேன் ஐயா. முகத்துக்குத்தான் ஒன்றும் போடவில்லை. முகவரி அனுப்பிவிட்டேன்.